முட்டுக்கட்டை

ஃபேன் மெக்கானிக்கின் மகளுக்கு இளைப்பு உண்டு. வெயிலில் நின்ற காருக்குள் ஏறினால் அந்தப் புழுக்கத்திலேயே மூச்சு இழுக்கும். அவள் ஏறுவதற்கு முன்பே வண்டி தானாக ஸ்டார்ட் ஆகி உள்ளே குளிர்ந்திருந்தால் நல்லது என்றுதான் அவர் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டரும் சேர்ந்த பெட்டியை வாங்கிவந்தார். மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதற்கு, மீன்குஞ்சுக்கு நீச்சலா என்று சிரித்துவிட்டு வந்தார்.

இரண்டு நாள் டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தார். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டி. ஆளில்லாதபோது யார் மிதிப்பது? கிளட்ச் ஸ்விட்சுக்குக் குறுக்கே ஒரு வயரைப் போட்டு அதை ஏமாற்றினார். எல்லாம் முடிந்தபோது ஒரு நீல வயர் மிச்சமிருந்தது. கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பதற்கு என்று விளக்கத் தாளில் போட்டிருந்தது. கியர் அடியில் தனி ஸ்விட்சு வைக்க வேண்டும். நான் என்றைக்குக் கியரில் விட்டிருக்கிறேன் என்று டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார்.

அலாரம் அன்றைக்கே தெருவைக் கூட்டியது. பூனை ஏறினால் அலறியது, லாரி போனால் அலறியது. எதிர்வீட்டுக்காரர் இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் அண்ணே என்றுதான் அழைப்பார்கள். யார் மூத்தவர் என்று இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று மெக்கானிக் நினைத்தார். டிரைவரோ என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார், வண்டி நின்ற, தெருவை நோக்கி இறங்கும் சரிவைப் பார்த்தார், வீட்டுக்குப் போய் ஒரு மரக்கட்டையோடு திரும்பி முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் அண்ணே."

அவர் போனதும் மெக்கானிக் முணுமுணுத்தார். "நல்லது செய்யப் போனா முட்டுக்கட்டை போடன்னே ஒருத்தர் வந்துடுறார்."

"அது பாட்டுக்குக் கிடக்கட்டுங்க," என்றாள் மனைவி. "சோறா கேக்குது?"

மறுநாள் காலை கடைக்குப் போய்வந்தவள், சரிவில் நிறுத்தும்போது எப்போதும் செய்வதுபோல முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கினாள். தூக்கத்தை விட்டு வந்து வைத்த மனிதருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று கட்டையையும் பழையபடி சக்கரத்தோடு ஒட்டிவைத்தாள்.

மத்தியானம் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். மெக்கானிக் மாடியில் நின்று, பெருமையோடு ரிமோட்டை அழுத்தினார். அழுத்திய பிறகுதான் காருக்கு முன்னால் ஒரு ரிப்பன் தெரிந்தது. மகள் அங்கே குந்தி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டி ஒரு துள்ளு துள்ளியது. கட்டையில் மோதியது. குலுங்கி அணைந்தது. அலாரம் அலறத் தொடங்கியது.

எப்படிப் படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. மகள் ஒரு காலில் ஷூவோடு நின்றிருந்தாள். பம்பருக்கும் அவளுக்கும் ஒரு சாண் இடைவெளி.

"அப்பா, வண்டி தும்முச்சு."

முதுகில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு சீராக வந்தது. கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சத்தம் கேட்டு எழுந்துவந்த டிரைவரின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். நேற்று உங்களை வைதேன் என்று சொல்ல வாயெடுத்தார். டிரைவர் கட்டையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"பஸ்ஸுக்கு வெச்சு வெச்சுப் பழகின கை அண்ணே. சரிவைப் பார்த்தா சும்மா இருக்காது."

அன்று மாலைக்குள் மெக்கானிக் கியர் அடியில் ஸ்விட்சு வைத்து நீல வயரை இணைத்தார். மகளையும் மனைவியையும் மாடிக்கு அனுப்பிவிட்டு, வேண்டுமென்றே கியரில் போட்டு, கட்டை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ரிமோட்டை அழுத்தினார். வண்டி அசையவில்லை. பத்துத் தடவை அழுத்தினார். பத்துத் தடவையும் மாட்டேன் என்றது. சொன்ன பேச்சைக் கேட்காத ஒன்றைப் பார்த்து அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

பிறகு மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து, தொட்டதற்கெல்லாம் அலறாதபடி அலாரத்தின் திருகை நன்றாகக் குறைத்துவைத்தார். மறுநாள் மத்தியானம் பூனை பானெட்டில் ஏறி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு இறங்கியது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியபடியே இருந்தது.