வால்வை மூட விடவில்லை

தாராவியில் காலைத் தண்ணீர் வந்துவிட்டால் முப்பிடாதியம்மாளுக்குக் கண் மண் தெரியாது. அந்தச் சந்தில் நாலு வீட்டுக்கும் ஒரே குழாய், சந்து முனையில் ஒரே வால்வு. டிரம் நிறையாத நாளில் வீட்டில் ஒருவரும் அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

அன்று டிரம் பாதிகூட நிறையவில்லை. எதிர்வீட்டில் குழாய் வெடித்து, அந்த வீட்டு மாரிசெல்வி போனும் கையுமாகச் சந்து முனைக்கு ஓடினாள். போனில் பிளம்பர் கணேசபாண்டியன் கத்திக்கொண்டிருந்தான்.

"நான் குர்லாவுல இருக்கேன், வர நேரமாவும். மொதல்ல வால்வ மூடுங்க. பக்கத்துலயே மெயின் சுவிட்ச் இருக்குல்லா, அதையும் அமத்துங்க. வீட்டுக்குள்ள யாரும் காலு வைக்காதீங்க!"

வால்வில் கை வைத்தவளை முப்பிடாதியம்மாள் ஓடிவந்து பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, ஒன் வீட்டுக் கொழாய் வெடிச்சா எங்க தண்ணிய நிறுத்துவியோ? செத்த நேரம் பொறு. ஒண்ணும் முங்கிராது."

"யக்கா, தையல் மிசின் வயரு தரையில கெடக்கு! கைய விடுங்க!"

முப்பிடாதியம்மாள் விடவில்லை; பக்கத்திலிருந்த மெயின் சுவிட்சைக்கூட மாரிசெல்வியால் எட்ட முடியவில்லை. தண்ணீர் என்று வந்துவிட்டால் அவள் பிடி உடும்புப் பிடிதான்.

உள்ளே மாரிசெல்வியின் புருஷன் நெல்லையப்பன், தைத்துவைத்த துணியெல்லாம் நனைகிறதே என்று மூட்டையைத் தூக்கத் தண்ணீரில் இறங்கினான். ஒரே ஓர் அலறல்தான் கேட்டது. பதறிப்போய் மெயினை அணைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாவி மனுஷன், போகும் வழியிலேயே போய்விட்டான்.

மறுநாள் உடல் வீட்டுக்கு வந்தது. கூடியிருந்தவர்கள் விதி என்றார்கள், கெட்ட நேரம் என்றார்கள். கணேசபாண்டியன் மட்டும் பொறுக்கமாட்டாமல் கேட்டான்: "அவ்வளவு சொன்னனே, ஏன் மூடல?"

மாரிசெல்வி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. முப்பிடாதியம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"விதியுமில்ல, ஒண்ணுமில்ல. நாந்தான் மூட விடல. எல்லாரும் கேட்டுக்கோங்க. எவன் வீட்டுல கொழாய் வெடிச்சாலும் மொதல்ல வால்வ மூடுங்க, மெயின அமத்துங்க. ஒங்க கொடம் காலியா கெடந்தா கெடக்கட்டும். தண்ணி இன்னைக்கும் வந்துச்சு, நாளைக்கும் வரும். நெல்லையப்பன் வருவானா?"