செல்லோவின் ஒற்றைக்கால்

பரதநாட்டியத்துக்கு அரங்கேற்றம் உண்டு, வீணைக்கு உண்டு, மேல்நாட்டுப் பெருவயலினான செல்லோவுக்கு ஏன் இல்லை என்று நல்லசாமிக்கு ஒருநாள் தோன்றியது. தோன்றியதை அவர் சும்மா விட்டதில்லை. குடியேறிய வெளிநாட்டு நகரில், எல்லர்ஸ்லிப் பக்கம், மண்டபம் பிடித்துவிட்டார்.

அரங்கேற்றம் என்றால் குருபரம்பரை வேண்டும். மகள் லக்ஷ்மிப்ரியாவுக்குச் செல்லோ சொல்லிக்கொடுத்தவர் ஒனிஹங்காவில் இருக்கும் வின்சென்ற். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "மன்னாரில ஒரு ஜெர்மன் பாதர் இருந்தவர். கொஞ்சம் பழக்கினவர்" என்றார் அவர். அந்தக் கொஞ்சம் நல்லசாமிக்குத் தாராளமாகப் போதும். ஜெர்மன் என்றால் டிரெஸ்டன். டிரெஸ்டன் என்றால் 1840-களில் அரசவையில் வாசித்த அவுகுஸ்ட் ரெய்ன்வால்ட். அவர் வீட்டில் வியாழக்கிழமைதோறும் கூடி வாசித்த நண்பர்கள், மாணவர்கள், மாணவர்களின் மாணவர்கள், கடைசியில் அந்தப் பாதர். ஆக, மகள் ஆறாம் தலைமுறை. மேடையின் பின்னால் அது பேனராகவே தொங்கியது. சிறப்பு விருந்தினர் கிளவுஸ், கிளென்ஃபீல்டில் சமையலறை அலமாரி விற்பவர். தகுதி: ஜெர்மானியர்.

திரை விலகச் சற்று முன்புதான் வின்சென்ற் கவனித்தார். செல்லோவைத் தரையில் ஊன்றி நிறுத்தும் அடிக்கம்பியைக் காணவில்லை.

"அண்ணை, கம்பி எங்க?"

நல்லசாமி ஜிப்பாப் பையைத் தட்டிக் காட்டினார். "ரெய்ன்வால்ட் காலத்துல கம்பியே கிடையாது சார். ரெண்டு கெண்டைக்காலுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டுதான் வாசிச்சாங்க. பாரம்பரியம்னா முழுசா இருக்கணும்."

"அவங்கள் கால்சட்டை போட்டவங்கள். பிள்ளை பட்டுச்சீலை எல்லோ உடுத்திருக்கு? வழுக்கும். அது என்ர செல்லோ, விழுந்தா கழுத்து முறிஞ்சிடும்."

"ஒரு வாரமா வீட்ல பிராக்டிஸ் பண்ணியிருக்கா."

"இன் ஜீன்ஸ், டாட்," என்றாள் லக்ஷ்மிப்ரியா.

"கம்பியக் குடுத்துத் தொலைங்களேன்," என்றாள் மனைவி அன்னம்.

"பத்திரிகைலயே போட்டாச்சுடி, கம்பியின்றின்னு!"

திரை விலகியது. மாலையும் கழுத்துமாக வின்சென்ற் மேடையோர நாற்காலியில் உட்கார்ந்தார், நுனியில். மைக்கில் நல்லசாமி ஐந்து தலைமுறைகளையும் கடந்து வந்து, "கம்பியின்றி!" என்று முடித்தார். கைதட்டல். மகள் வில்லை இழுத்தாள்.

முதல் பக்கம் தாண்டியது. பிறகு செல்லோ பட்டில் வழுக்கத் தொடங்கியது, விரற்கடை விரற்கடையாக. அவள் முழங்கால்களை இறுக்கினாள். வில் நிற்கவில்லை.

"டாட்," என்றாள், உதடு அசையாமல்.

நல்லசாமி அருகே ஓடினார். கை பைக்குள் போய்க் கம்பியைத் தொட்டது. மண்டபம் மொத்தமும் அவர் கையையே பார்த்தது. கை வெறுமனே வெளியே வந்தது. அவர் மகளின் காலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, செல்லோவின் அடிப்பாகத்தை இரு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டார்.

"டோன்ட் மூவ்," என்றாள் அவள்.

உருப்படி நீளமானது. தேர்ந்தெடுத்தவரும் அவரே. பையிலிருந்த கம்பி தொடையில் குத்தியது. கால் மரத்தது. உள்ளங்கை வியர்க்க, வார்னிஷ் நழுவியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் வின்சென்றும்.

"மகள் காலடியில உக்காந்துட்டாரு பாரு, என்னா பக்தி!" என்றது முன்வரிசை. கிளவுஸ் எழுந்து கைகூப்பினார்.

உருப்படியின் கடைசிச் சுரம் அடங்கியதும் வின்சென்ற் பாய்ந்து வந்து செல்லோவின் கழுத்தைப் பிடித்தார். "விடுங்கோ அண்ணை, நான் பிடிச்சிட்டன்." நல்லசாமியின் விரல்கள் உடனே பிரியவில்லை. வின்சென்ற் தாமே அவர் பைக்குள் கைவிட்டுக் கம்பியை உருவினார். சீலைக் கொசுவத்தின் மறைவில் அதைச் செல்லோவின் அடியில் மாட்டித் திருகாணியை இறுக்கினார்.

அதற்குள் தமிழ்ச் சங்கச் செயலாளர் பூங்கோதை மைக்கோடு வந்துவிட்டார். "அப்பா ஏந்திப் பிடிக்கிறதும் டிரெஸ்டன் முறைதானா சார்?"

நல்லசாமி கம்பி மறைந்திருந்த கொசுவத்தைப் பார்த்தார். "ஆமா," என்றார். "கடைசி வரைக்கும் தகப்பன்தான் பிடிக்கணும்."

"அப்ப அப்பிடியே இருங்கோ," என்றார் வின்சென்ற்.

இன்னும் நான்கு உருப்படிகள் இருந்தன. கம்பி தரையில் ஊன்றி நின்றது. செல்லோ இம்மியும் அசையவில்லை. கீழே, தாங்க எதுவுமில்லாத கைகளை ஏந்தியபடி, நல்லசாமியும்.