‘மின்னுறன் பார்’ பாட்டு பிறந்த கதை

அன்புராசா இருபத்தெட்டு வருஷமாக ரொறன்ரோக் கலியாண வீடுகளில் பேஸ் கிற்றார் வாசித்தவர். சண்முகலிங்கத்தின் இசைக்குழுவில் அவருக்கென்று ஒதுக்கிய இடம் பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். அறுநூறு கலியாண வீடியோக்களில் அவர் இருக்கிறார். தெரிவது வலது முழங்கை மட்டும். அந்த முழங்கையைக் கண்டால் அஜின்கோர்ட்டில் பாதிச் சனம் வணக்கம் சொல்லும். முகத்தைக் கண்டால் “நீங்கள் ஆர்?” என்று கேட்கும். கண்மூடுவதற்கு முன் ஒரு தடவையாவது மேடையின் முன்னுக்கு நின்று பாட வேண்டும், சனம் தன் முகத்தைப் பார்த்து “உவர்தான் அன்புராசா” என்று சொல்ல வேண்டும். வேறு ஆசை அவருக்குக் கிடையாது. சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து இனிப்பைக்கூட விட்டிருந்தார்.

பென்சன் எடுத்த முதல் மாரியில் கம்பியூட்டரில் கிளாம் றொக் என்று ஒரு சாமானைக் கண்டுபிடித்தார். ஐம்பது வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரப் பெடியள். வெள்ளி உடுப்பு, அரையடிக் குதி வைத்த சப்பாத்து, கண்ணுக்கு மை, கன்னத்துக்கு மினுக்கம். நிலம் அதிரக் காலால் குத்திக் குத்திப் பாடினார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்க முடியாத பாட்டு இதுதான் என்று அன்புராசா முடிவுகட்டினார். அன்று பின்னேரமே ஒன்று எழுதியும் முடித்தார்.

மின்னுறன் பார், மின்னுறன் பார்,
சூரியன் கேக்குது, ‘உது ஆர்?’

சரணத்தில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

“தவக்காலத்திலை உதென்ன கூத்து?” என்றாள் மனைவி பேர்ணடெற். “எங்கட மகள் மெலிசாவை விட்பியிலை இருக்கிற மாப்பிள்ளை பகுதி கேட்டு வருகினம். பொம்பிளையின்ரை தேப்பன் கண்ணுக்கு மை பூசித் துள்ளுறார் எண்டு கேள்விப்பட்டால், வந்த காரைத் திருப்பிக்கொண்டு போயிடுவினம்.”

“பாட்டுத்தானேயப்பா.”

“பாடுங்கோ. ஆனால் பேர் வெளியிலை வரக்கூடாது. கலியாணம் முற்றாகும் வரைக்கும் ஒரு காக்காய் குருவிக்கும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ.”

அன்புராசா சத்தியம் பண்ணினார். பேர் போனால் என்ன, முகம் இருக்கிறதே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

முகத்துக்கு ஜெயமலரைப் பிடித்தார். ஜெயமலர் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு ஒப்பனை செய்பவள். முப்பது வருஷமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முகத்தைத்தான் போட்டு வருகிறாள்.

“அண்ணை, எனக்கு வேறை முகம் தெரியாது.”

“அதையே போடும் பிள்ளை. மினுக்கத்தை மட்டும் அள்ளி விடும்.”

அள்ளி விட்டாள். தூள் ஹீற்றரின் காற்றுக் குழாய் வழியே வீடு முழுக்கப் போய், பேர்ணடெற் அவித்த பிட்டு எட்டு நாளைக்கு மினுங்கியது. அந்தக் கிழமை அன்புராசாவுக்கு இரத்தம் எடுத்த நேர்ஸ், குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மற்ற நேர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினாளாம்.

ஒரேயொரு குறை, அந்த அதிர்வு. நூறு கால் சேர்ந்து குத்துகிற சத்தம் வேண்டும். அன்புராசாவுக்கு இருந்தது இரண்டு கால், அதில் ஒன்றில் வாதம். பேஸ்மென்றில் குந்தியிருந்து யோசித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ‘தொம்’ என்றது. வெள்ளிக்கிழமை. மேலே ஹோலில் பேர்ணடெற்றின் செபக்கூட்டம் சிலுவைப்பாதை செய்துகொண்டிருந்தது. இருபத்தேழு பெண்கள், பதினான்கு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் முழந்தாளிட வேண்டும். எட்டாம் நிலையில் லைற்றுக் கூடு கழன்று விழுந்தது. அதற்குள் அன்புராசா போனைக் கூரைக்குக் கிட்டப் பிடித்துவிட்டார். மிச்ச ஆறு நிலையும் முத்து முத்தாகப் பதிவாயின.

உயிர்த்த ஞாயிறு கழிந்து பாட்டு, பேர் போடாமல், இன்ரர்நெற்றில் வீடியோவாக வெளிவந்தது. பதினொரு நாளில் அது பழைய பெரிய பாட்டுகளின் வரிசையில் ஏறிவிட்டது. சின்ன வயதில் கேட்ட பாட்டு என்று சொல்லி இரண்டு பேர் கண் கலங்கினார்கள். ஆனால் பாடுகிறவர் யார் என்று வீட்டுக்காரரையும் ஜெயமலரையும் தவிர ஒரு சனத்துக்கும் தெரியவில்லை. பாரிஸ்காரன் என்றார்கள், ஒஸ்லோக்காரன் என்றார்கள். ஜெயமலர் போட்ட முகத்துக்குப் பின்னால் அன்புராசா, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்றதைவிட ஆழமாகப் புதைந்து போயிருந்தார். சண்முகலிங்கம் பாட்டைப் போட்டுக் காட்டி, “பாரும் அன்பு, உதுதான் துணிச்சல். உமக்கும் எனக்கும் உது வராது” என்றார்.

“ஓம், வராது” என்றார் அன்புராசா. சத்தியம் சத்தியம்தானே.

ஒரு பிறந்தநாள் விழாவில் பாட்டு முதல்முறை பெரிய ஸ்பீக்கரில் போனது. முதல் ‘தொம்’ விழுந்ததும், கொத்துரொட்டித் தட்டோடு நின்ற இருபத்தேழு பெண்கள் ஹோலின் நாலு பக்கத்திலும் ஒரே நேரத்தில் முழந்தாளிட்டார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியாது, முழங்காலுக்குத் தெரிந்திருந்தது. இளசுகள் அதைப் புது டான்ஸ் என்று எண்ணித் தாங்களும் விழுந்தார்கள். அந்தக் கோடையில் ஸ்காபரோவில் முழங்கால் வைத்தியரைப் பார்க்க நாலு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

காரில் பேர்ணடெற் கேட்டாள். “எங்கட சிலுவைப்பாதையையோ எடுத்தனீங்கள்?”

“செபத்தை எடுக்கேல்லை. சத்தத்தை மட்டும்.”

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று அன்புராசா பயந்துபோய்ப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு விட்பியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் சீமோன் குடும்பத்தோடு வந்தார். தேத்தண்ணி குடித்து, மாலைவெள்ளி முளைப்பதற்குள் எல்லாம் பேசி முடிந்தது.

“தங்கச்சி, எங்களுக்கு வேறை ஒண்டும் வேண்டாம்” என்றார் சீமோன். “ஒரேயொரு ஆசை. அந்த ‘மின்னுறன் பார்’ பாட்டுக்காரனைக் கலியாணத்துக்குப் பிடிக்க வேணும். ஒஸ்லோவிலையாம் இருக்கிறான்.”

அன்புராசா மனைவியைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பேர்ணடெற் தட்டை மேசையில் வைத்தாள்.

“ஒஸ்லோவிலை இல்லை. உந்தக் கதிரையிலை இருக்கிறார்.”

சீமோன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. “பகிடி விடாதையுங்கோ தங்கச்சி! அவன் ஆறரை அடி. உவர்...” மரியாதைக்காக அதோடு நிறுத்திக்கொண்டார்.

அன்புராசா எழும்பிப் பாடிக் காட்டினார். அதிர்வு இல்லாமல் கேட்டபோது, யாரோ பஸ்ஸை மறிப்பது போலிருந்தது.

“குரல் கிட்டத்தான் வருது சம்பந்தி. ஆனால் அவன்ரை பாட்டிலை ஒரு இடி இருக்கு.”

பேர்ணடெற் சேலையை இழுத்துச் செருகினாள். ஹோலின் நடுவில் போய் முழந்தாளிட்டாள். தொம். எழும்பினாள். தொம். “அம்மா, சீரியஸா?” என்று கேட்டபடியே மெலிசாவும் பக்கத்தில் விழுந்தாள். கோப்பைகள் மேசையில் நடந்தன. அன்புராசா பாடினார். மூன்றாவது இடியில் சீமோன் கதிரையை விட்டு எழும்பிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“சம்பந்தி, நீங்களோ! அப்ப அதே மையும் மினுக்கமுமாய்ப் பாட வேணும்.”

“இல்லை” என்றாள் பேர்ணடெற், முழங்காலைத் தடவியபடி. “சொந்த முகத்தோடை பாடுவார். பேரையும் சொல்லித்தான் கூப்பிட வேணும்.”

அப்படியே நடந்தது. மெலிசாவின் கலியாணத்தில், அறுநூறு பேர் இருந்த மண்டபத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெள்ளி உடுப்போடும் வெறும் முகத்தோடும் அன்புராசா மேடையின் முன்னுக்கு வந்தார்.

“ஐயோ, உது கோழிக்கடையிலை எனக்கு முன்னாலை நிக்கிற மனிசனெல்லோ!” என்றாள் முன்மேசைக் கிழவி ஒருத்தி.

“உவர்தானணை அன்புராசா” என்றது பக்கத்துக் கதிரை. அது அடுத்த மேசைக்குப் போய், அங்கிருந்து கதவு வரைக்கும் போனது.

பேஸ் வாசிக்க ஆளில்லாததால் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் சண்முகலிங்கமே நின்றுகொண்டிருந்தார். முதல் சரணம் முடியும்வரை பொறுத்துப் பார்த்தார்.

“அன்பு, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லும். கமராவிலை நான் தெரியேல்லை.”

அன்புராசாவுக்கு அது நல்லாகக் கேட்டது. இரண்டாம் சரணத்தைத் தொடங்கினார்.