நிலவறைப் படிமேல் சிவப்பு சுவிட்ச்

எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை நிறுத்தும் சுவிட்சை எங்கே வைப்பது என்று எங்கள் ஊர் மடவாஸ்காவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், மெக்கானிக்கான என்னைத்தான் கூப்பிடுவார்கள். நிலவறைக்குள் வைக்கக் கூடாது. கீழே எண்ணெய் பற்றிக்கொண்டால், ஃபர்னஸை அணைக்க நெருப்புக்குள் இறங்குகிறவன் திரும்பி வரமாட்டான். படிக்கு மேலே, கதவுக்கு வெளியே, சிவப்புத் தகடு போட்டு வைக்க வேண்டும். நிலவறை விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், ஒரு முழம் உயர்த்தி வையுங்கள் என்று முப்பத்தொரு வருடமாக வீடு வீடாகச் சொல்லி வருகிறேன்.

என் வீட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஊருக்குத்தான் உபதேசம். வீடு கட்டிய வருடம் அப்படிக் கம்பி இழுப்பது சுலபமாக இருந்தது, வைத்துவிட்டேன். என் மனைவி ஜனீன் இரண்டு கையிலும் சாமானோடு கீழேயிருந்து ஏறி வருவாள், விளக்கை அணைப்பதாக நினைத்து முழங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஃபர்னஸ் நின்றுவிடும். வருடத்துக்கு நாலைந்து தடவையாவது இது நடக்கும்.

"ஒரு முழம் மேல தூக்கி வச்சா உன் தலையா போயிடும், ரோஸேர்?" என்பாள்.

"சிவப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்காக நான் செவுத்தை உடைக்கணுமா?" என்பேன்.

அதோடு விட்டேனா? அவள் தம்பிகள் எதிரிலும் இதையே சொல்லிச் சிரித்திருக்கிறேன். போன மார்ச்சில் கேரிபூவுக்கு, தன் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஒரு சுவிட்சுக்காக யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வாசலில் எந்த வண்டி நின்றாலும் அவள்தானோ என்று எழுந்துபோய்ப் பார்த்தேன்.

பத்து மாதமாக ஃபர்னஸ் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தால், சமையலறையில் என் மூச்சு புகையாகப் போனது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். எண்ணெய் இருந்தது. ரீசெட் பொத்தானை அழுத்தினேன், பேச்சு மூச்சில்லை. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெயைப் பீச்சும் நாசிலை மாற்றினேன். அரை மணி நேரத்தில் விரலெல்லாம் விறைத்துப் போயிற்று. யார் போன் செய்தாலும் "சிவப்பு சுவிட்சைப் பாத்தீங்களா?" என்று முதலில் கேட்கிறவன் நான். அன்று எனக்கு அது தோன்றவில்லை. அணைக்க வீட்டில் ஆள் இருந்தால்தானே தோன்றும்?

மேலே வந்து விளக்கை அணைக்கக் கை நீட்டியபோதுதான், நான் அதைப் போடவே இல்லை என்பது உறைத்தது. நான் வருவதற்கு முன்பே அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் சிவப்பு சுவிட்ச் அணைந்திருந்தது. இந்த வேலையை உலகத்தில் ஒரே ஒருத்திதான் செய்வாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீடு குளிர்ந்து கிடந்தது அவ்வளவு பிடித்திருந்தது. சுவிட்சைப் போடாமல், கோட்டையும் கழற்றாமல், ஜனீனுக்குப் போன் செய்தேன்.

"வந்திருந்தியா?"

"காலைல வந்தேன். ஐஸ்ல ஓட்டை போடற மெஷினும் என் தூண்டில் பெட்டியும் கீழ கிடந்துச்சு. நாளைக்கு நானும் அக்காவும் உறைஞ்ச ஏரில மீன் பிடிக்கப் போறோம்." நான் ஏன் கேட்கிறேன் என்று அவளே பிடித்துவிட்டாள். "ஐயோ, அதை அணைச்சுட்டேனா?"

"ஆமா."

"தண்ணி பைப் உறைஞ்சிருச்சா? திட்டணும்னா இப்பவே திட்டிரு, அக்கா சாப்பிடக் கூப்பிடறா."

"திட்டல. அரை மணி நேரமா நாசிலைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதைக் கேட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது.

"பெரிய மெக்கானிக்குதான் போ. வெளிய சொல்லிராத, அப்புறம் ஒருத்தனும் உன்னைக் கூப்பிட மாட்டான்."

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கே செவுத்தை உடைச்சு அதை மேல வச்சுடறேன், ஜனீன். ஒரு முழம் என்ன, ரெண்டு முழம் வைக்கிறேன்."

அந்தப் பக்கம் யாரோ தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும்.

"இனிமே எதுக்கு, ரோஸேர்? அங்க நீ ஒருத்தன்தானே இருக்கே. நீ மாத்தி அணைக்க மாட்டியே," என்றாள். "மாவு டப்பா பக்கத்துல என் சாவியை வச்சிருக்கேன், எடுத்து வச்சுக்கோ."

சாவி அங்கேதான் இருந்தது. பைப் உறைந்துவிடும் என்று தெரிந்தும், இருட்டும்வரை அந்தச் சுவிட்சைத் தொட எனக்கு மனம் வரவில்லை. போட்டுவிட்டால் வீடு பழையபடி சூடாகிவிடும், அவள் வந்துபோனதே தெரியாது.