மேலே வில்லன், கீழே காதலன்

நானும் என் மச்சானும் வீடு மாற்றிக் கொடுக்கிற வேலை செய்கிறோம். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், துணி துவைக்கிற மெஷின், ஒரு தடவை பியானோ. லிஃப்ட் இருக்கிற கட்டிடத்துக்காரர்கள் எங்களைத் தேடுவதில்லை. படிக்கட்டு குறுகல், திருப்பத்தில் வெறும் ஆளே ஒடுங்கித்தான் போக வேண்டும் என்றால் எங்கள் போன் அடிக்கும்.

மச்சான் என் பெண்டாட்டியின் அண்ணன். அவர்கள் வீட்டு பாஷை வேறு. சமையல் வேறு, கும்பிடுகிற சாமி வேறு, கோபம் வந்தால் கத்துகிற தினுசுகூட வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு அவன் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது, அவனுக்குத் தமிழில் அரை வார்த்தை தெரியாது. அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பதே ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். ஆகவே எங்கள் குடும்பத்தில் முதலில் வந்தது பீரோ. கல்யாணம் அப்புறம்.

முதல் வாரமே ஒரு கண்ணாடியை உடைத்தோம். நான் குட்டை, அதனால் மேல் படியில் பின்பக்கமாக ஏறுவேன். அவன் உயரம், கீழே நின்று தாங்குவான். பீரோ அவன் முகத்தை மறைத்துவிடும், அவனுக்கு எதுவும் தெரியாது. திருப்பம் வந்ததும் நான் "நில்லு" என்று கத்தினேன். சீக்கிரம் வரச் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு படி ஏறிவிட்டான். கதவுக் கண்ணாடி சுவரில் மோதிச் சில்லுச் சில்லாகப் போனது. வீட்டுக்காரர் திட்டியது மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது.

அன்றைக்கே டீக்கடையில் உட்கார்ந்து, கை ஜாடையிலேயே ஒரு முடிவுக்கு வந்தோம். கத்துகிறவன், கேட்கிறவனுடைய பாஷையில் கத்த வேண்டும். தூக்குகிறவனுக்கு யோசிக்க நேரம் கிடையாது, காதில் விழுந்ததும் கால் நிற்க வேண்டும். ஆகவே நான் அவன் பாஷையில், அவன் தமிழில்.

சொல்லிக் கொடுக்க ஆள் யார்? சினிமாதான். மச்சான் தமிழ்க் காதல் பாட்டாகப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டான். எனக்குக் காதல் பாட்டென்றால் தூக்கம் வரும். அவர்கள் ஊர்ச் சண்டைப் படமாகப் பார்த்தேன். அந்தப் படங்களில் "நில்லு" என்பதை யாரும் சும்மா சொல்வதில்லை. வில்லன்தான் சொல்வான், துப்பாக்கியோடு.

விளைவு இதுதான். திருப்பம் வந்தால் மேலே இருந்து நான் அவன் பாஷையில், "அசைஞ்சே, சுட்டுப் பொசுக்கிடுவேன்!" என்று உறுமுவேன். கீழே இருந்து மச்சான், "கண்மணியே, மெல்ல மெல்ல!" என்று கெஞ்சுவான். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்கள்.

"எங்க அண்ணன் உங்கள கொஞ்சற மாதிரி, நீங்க ஒரு நாளாவது என்னை கொஞ்சினது உண்டா?" என்பாள் என் பெண்டாட்டி.

"உங்க அண்ணன் கொஞ்சறப்ப என் கையில தொண்ணூறு கிலோ இருக்கு. நீ தூக்கிட்டு வா, கொஞ்சறேன்."

எங்களுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம், வயசு பத்தொன்பது. நிறம் என்னுடையது. கண்ணும் மூக்கும் அப்படியே மாமாவுடையது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். நான் ஒன்று சொன்னேன், என் பெண்டாட்டி ஒன்று சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, "வெளியில போய் பேசி முடிச்சிட்டு வாங்க" என்றார். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. பாப்பாவின் பள்ளி நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில்தான் நாற்பது வயசுக்குமேல் எழுத்துக் கூட்டினேன். முதலில் எழுதிப் பழகியது அட்டைப்பெட்டி மேல்: சமையல், துணி, உடையும்.

பாப்பா பாடுவாள். மூன்றாவது முயற்சியில் டிவி பாட்டுப் போட்டிக்குத் தேர்வானாள். முதல் இரண்டு வருஷமும் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை கடைசிப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. பார்த்தவர்கள் போனில் ஆளாளுக்குக் கருத்து எழுதினார்கள். நன்றாகப் பாடின வாரம் "நம்ம பொண்ணு" என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் சொன்னார்கள். சுருதி விலகின வாரம் "நம்ம ஆளு மூஞ்சி மாதிரியா இருக்கு?" என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் கேட்டார்கள்.

அடுத்தது வேர் சுற்று. ஒவ்வொருத்தரும் தங்கள் பரம்பரைப் பாட்டைப் பாட வேண்டும். வீட்டுக்கு வந்து குடும்பத்தையும் படம் பிடிப்பார்கள். இதைத் தாண்டினால் கடைசி ஆறு பேர், அப்புறம் சினிமாவில் பாடக் கூப்பிடுவார்கள் என்று பேச்சு.

நிகழ்ச்சியை நடத்துகிற பெண் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. "ரெண்டு பக்கமும் சொன்னா பாக்கறவங்க குழம்பிடுவாங்கம்மா. ஏதாவது ஒண்ணு எடு. அப்பா பக்கம் எடு, அதான் சுலபம்."

பாப்பா நாற்று நடுகிற பாட்டு ஒன்றை போனில் தேடிப் பிடித்து ஒரு வாரமாகப் பழகினாள். எங்கள் வம்சத்தில் யாரும் வயலில் இறங்கியதில்லை. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதைச் சொன்னேன்.

"மூட்டைக்கு பாட்டு இருக்காப்பா?"

"மூச்சு வாங்கும். பாட்டு எங்கேருந்து வரும்?"

அவள் சிரிக்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, படம் பிடிக்கற அன்னிக்கு மாமா வராம இருந்தா நல்லாயிருக்கும். நீங்க சொல்லிடறீங்களா?" என்றாள்.

எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறேன். அந்த ஒரு வரியை மச்சானிடம் கொண்டுபோய் இறக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்து முடிச்சுப் போட்டான்.

"கவலை எதற்கு மச்சான்," என்றான், அவனுடைய சினிமாத் தமிழில். "குழந்தை வாழ்வு மலரட்டும். நான் விலகி நிற்கிறேன்."

அவன் பேசினால் எப்போதும் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

படம் பிடிக்க வந்தார்கள். கேமராக்காரர், காதில் மெஷின் மாட்டின ஒலிப்பதிவுக்காரர், அந்தப் பெண். நான் பீரோ தூக்குகிற காட்சி வேண்டுமாம். எங்கள் கட்டிடத்தின் படிக்கட்டையே தேர்ந்தெடுத்தார்கள்.

"தனியா தூக்க முடியாதுங்க," என்றேன்.

"பீரோ காலியாதானே சார் இருக்கு?"

"காலி பீரோவைத் தூக்கினா பாக்கிறவனுக்கே தெரியும். முதுகு வளையாது."

பெண்டாட்டியின் பீரோவைத் துணியோடேயே கயிறு கட்டினோம். கீழே பிடிக்க ஆள் வேண்டும். கடைசியில் மச்சானையே கூப்பிட வேண்டியதாயிற்று. "அவர் முகம் பீரோவுக்குப் பின்னாடி போயிடும், பரவாயில்ல" என்றாள் அந்தப் பெண். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

தூக்கினோம். ஆறு படி ஏறியிருப்போம். வழக்கம்போல நான் வில்லன் குரலில் ஒரு வார்த்தை சொன்னேன்.

"கட், கட்! சார், அது என்ன பாஷை? நீங்க உங்க தமிழ்லயே பேசுங்க. இது உங்க வேர் சார்!"

மறுபடி முதல் படியிலிருந்து. மச்சானுக்கு இன்றைக்கு என்னைவிட நல்ல தமிழ் தெரியும், அதில் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். திருப்பம் வந்தது. "நில்லு மச்சான்!" என்றேன்.

அவன் நிற்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடத்தில் அந்தக் குரலில் அவன் காது வேறொன்றுக்குப் பழகியிருக்கிறது. அவன் மனசுக்குத் தமிழ் தெரியும். முதுகுக்குத் தெரியாது. ஒரு படி ஏறிவிட்டான். பீரோ முனை சுவரில் இடித்தது, அவன் விரல் நடுவில் மாட்டியது, பாரம் முழுக்க அவன் பக்கம் சரிந்தது. அவனுக்கு நாலு படி கீழே பாப்பா நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கே தெரியாமல் கத்தினேன், அவன் பாஷையில். "அசைஞ்சே, சுட்டுப் பொசுக்கிடுவேன்!"

மச்சான் கல்லாக நின்றான். விரல் நசுங்கியபடியே நின்றான். அடியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது: "கண்மணியே... மெல்ல... மெல்ல..."

நான் மெல்ல மெல்ல முனையை விடுவித்தேன். பீரோவை நிமிர்த்தி வைத்தோம். அவன் நகத்தோரம் ரத்தம்.

கேமராக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றி, "இதான் மேடம் பாட்டு மாதிரி இருந்துச்சு" என்றார்.

"அதை வெட்டிடலாம்," என்றாள் அந்தப் பெண்.

பாப்பா துப்பட்டாவைக் கிழித்து மாமா விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "வெட்டாதீங்க. நான் அதைத்தான் பாடப்போறேன்."

"எதை?"

"இதை. சின்ன வயசுல எனக்கு சோறு ஊட்டறப்பகூட இப்படித்தான் கத்துவாங்க ரெண்டு பேரும்."

"இது சுற்றுக்கு ஒத்து வராதும்மா. அப்புறம் மார்க் போடலைன்னு என்னை கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்." அப்புறம் மாமாவைப் பார்த்து, அவர்கள் பாஷையில், மெதுவாக ஏதோ கேட்டாள். மன்னிப்புதான். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மச்சான் விரலை உயர்த்திப் பார்த்துவிட்டு, "காயம் கையில்தான், நெஞ்சில் இல்லை" என்றான். என் பெண்டாட்டி, "அண்ணே, கொஞ்ச நேரம் வாய மூடு" என்று அழுதாள்.

அரங்கத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். மச்சான் கட்டுப் போட்ட விரலோடு, இஸ்திரி போட்ட சட்டையில், முன் வரிசையில். மற்றவர்கள் பரம்பரை நகை, பரம்பரை உடை என்று ஜொலித்தார்கள். பாப்பா எங்கள் வேலைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கவாத்தியம் வேண்டாம், ஒரே ஒரு மரப்பெட்டியைத் தட்டினால் போதும் என்றாள். காலடிச் சத்தம் மாதிரி அது ஆரம்பித்தது. தாழ்ந்த குரலில் வில்லன் மிரட்டினான், அவர்கள் பாஷையில். உச்சக் குரலில் காதலன் கெஞ்சினான், தமிழில். படிக்கு ஒரு அடியாகப் பாட்டு ஏறியது. திருப்பத்தில் நிறுத்தினாள் பாருங்கள், எனக்கு உட்கார்ந்திருந்த இடத்திலேயே முதுகு விறைத்தது. திரும்பிப் பார்த்தேன், மச்சானும் விறைத்துத்தான் உட்கார்ந்திருந்தான்.

கைதட்டல் அடங்கியதும் நடுவர்களில் மூத்தவர் மைக்கைப் பிடித்தார். "நல்லாருந்துச்சு. ஆனா கேக்கறேன், கடைசியா நீ எந்தப் பக்கத்துப் பொண்ணும்மா?"

பாப்பா எங்களை விரலால் காட்டினாள். கேமரா திரும்பியது. மச்சானின் முகம் அவ்வளவு பெரிய திரையில், மறைக்க ஒரு பீரோகூட இல்லாமல்.

"மேல எங்கப்பா. கீழ எங்க மாமா. நடுவுல இருக்கற பீரோ நான் சார். ஒருத்தர் கையை எடுத்தாலும் உருண்டுடுவேன்."

அரங்கம் சிரித்தது, தட்டியது. மூன்று நடுவர்களில் ஒருத்தர்தான் சரி என்று பலகையைத் தூக்கினார். மற்ற இரண்டு பேரும் பாட்டு நன்று, வேர் தெரியவில்லை என்றார்கள். பாப்பா வெளியே வந்துவிட்டாள். கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மூன்று வருஷ ஆசை. ஆனால் நடை நிமிர்ந்த நடை.

பின்வாசல் படிக்கட்டில், நடுவர் உட்கார்கிற பெரிய சோபா ஒன்றை நாலு பேர் கீழே இறக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. மச்சான் என்னைப் பார்த்தான்.

"உன் விரல்?"

"ஒன்பது மிச்சம் இருக்கிறது மச்சான்."

ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா படிக்கட்டின் திருப்பத்தில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும். எங்களுக்கு என்றைக்கும் அந்த வசதி இருந்ததில்லை.

"மாமா!" என்று அவன் பாஷையில் மிரட்டினாள். அவன் நின்றான். "அப்பா, என் கண்மணியே, மெல்ல!" என்று தமிழில் கெஞ்சினாள். நான் ஒரு படி இறங்கினேன்.

சோபா சுவரில் படாமல் திரும்பியது.