முன்னால் எடுத்துப்போனவர்

பாடையில் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார் ஆதிநாராயணன்.

"இன்னும் யார்னா வரணுமா மாப்ளே? தூக்கிடலாமா?"

"யாரும் இல்ல மச்சான்" என்றான் துளசிராமன்.

அவன் மனைவி மணியம்மாள் எட்டு மாதம் இதய நோயில் படுத்திருந்தாள். விடிகாலையில் போய்விட்டாள்.

"இருடா" என்று மகனைத் தடுத்தாள் மாமியார் ஜானகியம்மாள். "லைப்ரரிக்காரங்களுக்குச் சொன்னீங்களா மாப்ளே?"

"யாரு அத்தே?"

"அதான், இவ கேக்கற புக்கெல்லாம் முன்னாடியே எடுத்துக்கினு பூடுவாங்களே, அவங்க. நேத்துகூட சொன்னாளே. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்களுக்குச் சொல்லணும்மான்னு."

பீரோ கதவின் உட்புறம் மணியம்மாள் ஒட்டிவைத்த பத்திரிகைத் துண்டு இருந்தது. படிக்க வேண்டிய நூல்கள். சரித்திரம், விஞ்ஞானம், கலை, வியாபாரம், சமூகம் என்று நாற்பது பெயர்கள். வாரம் ஒன்றை எழுதிக் கொடுப்பாள். திருவள்ளூரில் அவன் ஆபீசிலிருந்து நூலகம் பத்து நிமிட நடை. போனால் ஐந்து நாற்பது ரயில்வண்டி போய்விடும். வண்டியில் தினமும் சீட்டாட்டம். நூலகத்துக்கு அவன் போனதே இல்லை.

"யாரோ எடுத்துக்கினு போய்ட்டாங்களாம்" என்பான்.

முதலில் முகம் வாடினாள். பிறகு, "நட்சத்திரத்தப் பத்தினதும் அவங்கதானா? பொம்பளையாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். அவன் ஆமாம் என்றான். அவர் எடுத்துப்போன பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தாள். இருபத்தேழு புள்ளிகள்.

"சொன்னீங்களா?" என்று மறுபடி கேட்டாள் ஜானகியம்மாள்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"சொல்லி அனுப்ச்சேன்" என்றான்.

"அதெல்லாம் மறப்பாரா?" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள். "ஆபீசு உட்டா நேரா ஊடுதான். ஒருநாள்கூட வண்டிய உட்டதில்ல, பொண்டாட்டி மேல அவ்ளோ உசுரு."

ஆதிநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப இந்த வண்டியில வருவாங்க. பாத்துட்டே தூக்கலாம்."

மரங்களுக்கு மேல் புகை தெரிந்தது. ஊர் ஸ்டேஷனான செவ்வாப்பேட்டையில் வண்டி நின்றது. ஆட்கள் பாதையில் வந்தார்கள். கையில் பையோடு ஒரு பெண்ணும் வந்தாள்.

ஜானகியம்மாள் மகளின் தலைமாட்டில் ஒருவர் உட்கார இடம்விட்டு நகர்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் அடுத்த தெருவுக்குள் திரும்பினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள். பாதை காலியானது.

ஜானகியம்மாள் திரும்ப நகர்ந்து உட்காரவில்லை. துளசிராமன் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான்.