ரெண்டாவது போட்டோவில் இருந்த ரூம்

"அண்ணி, இட்லி மாவை அங்கேருந்தே அரைச்சு எடுத்தாந்துடுவீங்களா, இல்ல மெட்ராஸ் ஓட்டல்லயே அரைக்க வசதி இருக்கா?"

கடலூரிலிருந்து நாத்தனார் லோகநாயகி போனில் இப்படிக் கேட்டபோதுதான் புஷ்பவள்ளிக்கு விஷயமே தெரியவந்தது.

"எந்த ஓட்டல்?" என்றாள்.

"என்னா அண்ணி, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க. நம்ம காயத்ரி எடுக்கப்போற ரூமுதான். ரெண்டு பெட்ரூமு, ஹாலு, கிச்சனு. அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. நாங்க வர்றோம், மேல்பட்டாம்பாக்கத்துலேருந்து தம்பி குடும்பம் வருது. வேனுக்குக்கூட அண்ணன் பேசிட்டாராம். நீங்க இருக்கச்சொல்ல எங்களுக்குச் சாப்பாட்டுக் கவலை ஏது?"

புஷ்பவள்ளி சிதம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்த காலத்தில், லைன் கிடைக்கவில்லை என்று ஊரே அவளைத் திட்டியிருக்கிறது. ஒருநாளும் அவள் ரிசீவரை ஓங்கி வைத்ததில்லை. அன்றைக்கு வைத்தாள். வைத்த வேகத்தில் போனுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் விரிப்பு நழுவிக் கீழே விழுந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? அந்த வீட்டின் கதை தெரிந்த யாருக்கும் வரும்.

வீடு வடக்கு வீதியை ஒட்டிய சந்தில், கோபுரம் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம்தான் வினை. ஆனித் திருமஞ்சனம் வந்தாலும் மார்கழித் தேர் வந்தாலும் புருஷன் வழிச் சொந்தம் மொத்தமும் அங்கேதான் இறங்கும். திருவிழா இல்லாத நாளில், தபாலில் டிகிரி படிப்பவர்கள் பரீட்சை எழுத வருவார்கள். அதுவும் இல்லாத நாளில், யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் துணைக்கு இருப்பவர்கள் குளிக்கவும் சாப்பிடவும் வருவார்கள். புஷ்பவள்ளி விடியற்காலையில் எழுந்து அத்தனை பேருக்கும் இட்லி ஊற்றி, குழம்பு வைத்து மூடிவிட்டு ஆபீசுக்கு ஓடுவாள். சாயங்காலம் திரும்பும்போது நடையெங்கும் ஈரத் துண்டு கிடக்கும். அதைப் பொறுக்கிக்கொண்டேதான் உள்ளே போக வேண்டும்.

புருஷன் ஞானசேகரனுக்கு மேல வீதியில் பெயிண்ட் கடை. தாராள மனசுக்காரர் என்று ஊரில் பெயர். இருக்காதா பின்னே? "வாங்க வாங்க, இருந்து நாலு நாள் தங்கிட்டுத்தான் போவணும்" என்று சொல்ல வாய் மட்டும் போதும். மீதியைச் செய்ய அடுத்தவள் இடுப்பு இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே மனுஷர் கர்ணன் பட்டம் வாங்கிவிட்டார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டவளுக்கு ஒரு பட்டமும் இல்லை.

2010 ஜூன் கடைசியில் புஷ்பவள்ளி ரிட்டையர் ஆனாள். சந்தன மாலை போட்டார்கள், மைக்கில் புகழ்ந்தார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் காயத்ரி விழாவுக்கு வந்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பியதும், "அம்மா, முப்பது வருஷமா நீ காசு வாங்காம ஓட்டல் நடத்திட்ட. மூணு நாள் நீ ஒரு ஓட்டல்ல போய் இரு. சாதா ரூம் இல்ல, சூட்டு, வீடு மாதிரி பெரிய ரூம். நீயே பார்த்து எடு, நான் புக் பண்றேன்" என்றாள். லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று பேரோடு ஒரு அறையில் கிடக்கிற பெண் அவள். அம்மாவை வைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லையே என்ற குறை அவளுக்கு நெடுநாளாக இருந்தது.

சென்னைக்குத் திரும்பியதும் மூன்று சூட் ரூமின் போட்டோவை மெயிலில் அனுப்பினாள். புஷ்பவள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த நெட் சென்டருக்குப் போய், சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்தவர் வந்து நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலாவதில் ரெண்டு படுக்கையறை, பெரிய ஹால், எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை, மூலையில் ஒரு கிச்சன். மூன்றாவது முழுக்கச் சிவப்பு வெல்வெட், சீரியல் வில்லி குடியிருக்கிற வீடு மாதிரி. ரெண்டாவதில் ஒரு முன்னறை, ஒரே ஒரு பெரிய கட்டில், சுவர் முழுக்க ஜன்னல், ஜன்னலோரம் ரெண்டு நாற்காலி. அவ்வளவுதான். சமைக்கிற இடம் என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை.

"காப்பி வேணும்னா?" என்று காயத்ரியைப் போனில் கேட்டாள்.

"போன் எடுத்துச் சொன்னா கொண்டாந்து குடுப்பாங்கம்மா. கட்டிலுக்கே."

"துண்டு?"

"குளிச்சிட்டுக் கீழ போட்டுடு. அவுங்க எடுத்துக்குவாங்க."

"கீழயா போடறது?"

"கீழயே போடு."

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. நூறு துண்டைப் பொறுக்கிய கைக்குத்தான் அந்தப் பேச்சின் அருமை தெரியும். ரெண்டாவதுதான் என்று முடிவு செய்து, மூன்றையும் கலரில் பிரிண்ட் எடுத்து வந்து புருஷனிடம் காட்டினாள். "எனக்கு இது புடிச்சிருக்குங்க. நானே காயத்ரிகிட்ட சொல்லிடுறேன்." "உனக்கெதுக்குச் சிரமம், நான் பேசிக்கிறேன்" என்று மனுஷர் பிரிண்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். பேசியும் இருக்கிறார். அந்தப் பேச்சின் லட்சணம்தான் லோகநாயகியின் போனில் வந்து சேர்ந்தது.

ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தவரை உட்காரவிடவில்லை.

"எந்த ரூமு சொன்னீங்க?"

"மொத ரூமுதான்." குற்றம் செய்த சாயல் முகத்தில் கொஞ்சமும் இல்லை. "ரெண்டு பேருக்கு மட்டும் எதுக்கு அம்மாம் காசுன்னு யோசிச்சேன். வாடகை கிட்டத்தட்ட ஒண்ணுதானாம். அதுல ஹால் இருக்கு, பாய் போட்டா பத்துப் பேர் படுக்கலாம். லோகா பாவம், மெட்ராஸ்ல பீச்சைத் தவிர எதைப் பார்த்திருக்கா? கிச்சன் வேற இருக்கு. வெளிச் சாப்பாடு நம்மாளுங்களுக்கு ஒத்துக்காது. நீ ஒரு சாம்பாரு, ஒரு ரசம் வெச்சா முடிஞ்சுபோச்சு. ரைஸ் குக்கர் கொண்டாரலாமான்னு காயத்ரியக் கேட்டேன், அவ ஒண்ணும் சொல்லல."

"ரெண்டாவதுதான் புடிச்சிருக்குன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. நீ எப்பவும் உனக்கு வேணும்கிறதக் கம்மியாத்தானே சொல்லுவ. அதான் பெருசா எடுத்தேன்."

இந்தப் பதிலுக்கு என்ன செய்வது? உலக்கையால் அடித்தால்கூட இவ்வளவு வலிக்காது. புஷ்பவள்ளி அவர் தட்டில் சோற்றைப் போடாமல் அப்படியே கரண்டியோடு முன்னறைக்குப் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நீயேதான் கேட்டேன்னு அப்பா சொன்னாரு" என்றாள் காயத்ரி. குரல் கம்மியிருந்தது. "கிச்சன் இருக்கிறதுதான் வேணும்னு நீ பிடிவாதம் புடிக்கிறதா சொன்னாரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இவ திருந்தவே மாட்டா, எங்க போனாலும் அடுப்பத் தேடுவான்னு நினைச்சேன். நாளைக்குத்தான் பணம் கட்டணும். மனசே வரல."

சொந்தக்காரர்கள் வருவதுகூடப் பெரிதில்லை. தன் வாயில் தான் சொல்லாத சொல்லை வைத்து, பெற்ற பெண்ணையே நம்ப வைத்துவிட்டாரே என்பதுதான் புஷ்பவள்ளிக்கு ஆறவில்லை. "ரெண்டாவத எடு" என்றாள். "எத்தனை பேருன்னு கேட்டா ரெண்டுன்னு சொல்லு. மூணாவது ஆள் வந்தா வாசல்லயே நிறுத்தச் சொல்லு."

ஞானசேகரன் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். "எல்லார்கிட்டயும் வாக்குக் குடுத்துட்டேன் புஷ்பா. இப்ப இல்லன்னா என் மானம் என்னாவறது? நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு சொல்லுவேன்?"

"நீங்க சொல்லவேணாம். நானே போயி சொல்றேன்."

மறுநாள் காலை அவள் கடலூர் பஸ் ஏறினாள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. புதுச்சத்திரம் போவதற்குள் சொல்ல வேண்டியதை நாலு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். கெமிக்கல் கம்பெனிகள் இருக்கிற சிப்காட் வந்ததும் பஸ்ஸில் எல்லோரும் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஒவ்வொரு திருமஞ்சனத்துக்கும் லோகநாயகி வந்து கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, "அண்ணி, இன்னொரு காப்பி கெடைக்குமா?" என்று கேட்ட அத்தனை வருஷமும் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றது.

மஞ்சக்குப்பத்தில் லோகநாயகி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவள் புருஷன் ராஜாமணி, சர்க்கரை ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஈசி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அடடே, வா தங்கச்சி" என்று உட்கார்ந்தபடியே வரவேற்று, உள்ளே திரும்பி, "ஏய் லோகா, ரெண்டு டீ" என்றார். லோகநாயகி சமையல் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தாள். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து கழுத்துவரை வேர்வை.

புஷ்பவள்ளி உட்காரவில்லை. சமையல் ரூம் நிலைப்படியிலேயே நின்று சொல்லிவிட்டாள். "லோகா, மெட்ராஸ் பயணம் இல்ல. ஹாலும் கிச்சனும் இருக்கிற ரூம் இல்ல. நான் கேட்டது வேற ரூம், அதைத்தான் எடுத்திருக்கேன். அதுல ரெண்டு பேருக்குத்தான் இடம். உங்க அண்ணன் என்னைக் கேக்காம உங்ககிட்ட சொல்லிட்டாரு. சமைக்கிறதுக்காக நான் மெட்ராஸ் போவல."

முதலில் பொங்கியது ராஜாமணிதான். பேப்பரை மடியில் போட்டார். "என்னா தங்கச்சி இது, ஒரு லாட்ஜு ரூமுக்கு இவ்ளோ பந்தாவா? எங்க மச்சான் கூப்பிட்டாரு, நாங்க கெளம்புனோம். நாங்களா வர்றேன்னு கேட்டோம்?"

லோகநாயகி அடுப்பை அணைத்தாள். அழுவாள் என்று புஷ்பவள்ளி நினைத்தாள், சண்டைக்கு வருவாள் என்றும் நினைத்தாள். ரெண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"மெட்ராஸ் போனா என்னா, போவாட்டி என்னா அண்ணி" என்றாள் லோகநாயகி. "இனிமே உங்க வீட்டுக்கும் வரக்கூடாதா?"

"அத நான் சொல்லலையே."

"சொல்லல. ஆனா நான் கேக்கணும்ல?" முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு, இவங்க அம்மா, இவரு தம்பிங்க, அப்புறம் எம்புள்ள, இப்ப பேரன். இந்த அடுப்பு அணைஞ்சு நான் பார்த்ததில்ல. வருஷத்துல ரெண்டு தபா, உங்க வீட்டுக்கு வரச்சொல்லதான் அண்ணி எனக்கு யாராவது காப்பி போட்டுக் குடுப்பாங்க. மெட்ராஸ்ல நீங்க இருக்கீங்கன்னு சொன்னதும் இன்னொரு மூணு நாள் கெடைச்சுதுன்னு நெனைச்சேன்."

புஷ்பவள்ளி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க கரண்டிய எங்கையில குடுத்துடுவீங்கன்னு பயம்."

அப்போது கூடத்திலிருந்து ராஜாமணி, "அந்த டீ என்னாச்சு?" என்றார்.

புஷ்பவள்ளி திரும்பி அவரைப் பார்த்தாள். வழியெல்லாம் வளர்த்துக்கொண்டு வந்த கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு பொட்டு குறையவில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்து இறக்க வேண்டிய இடம் இந்தச் சமையல் ரூம் இல்லை என்று மட்டும் தெரிந்தது. முப்பது வருஷமாக இவள் காலை நீட்டியதைப் பார்த்துத் தான் பல்லைக் கடித்ததை நினைத்தாள். அந்த ஈசி சேரில் நீட்டிக் கிடந்த இன்னொரு ஜோடிக் கால் ஒருநாளும் தன் கண்ணில் படவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"லோகா, அந்த எண்ணெய் ஆறட்டும். போயி நாலு பொடவை எடுத்து வை" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"ரெண்டு பேருக்கு இடம் இருக்குன்னு சொன்னேன்ல. நீ வா."

லோகநாயகி முறுக்கு அச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ராஜாமணி இப்போதுதான் எழுந்தார்.

"என்னா பேசற தங்கச்சி? ரெண்டாவது ஆளு மச்சானில்ல?"

"அவரு சிதம்பரத்துலதாண்ணே இருக்கப்போறாரு. நீங்க, புள்ள, பேரன், மேல்பட்டாம்பாக்கத்துக்காரங்க எல்லாரும் அங்க போயித் தங்குங்க. ஆளுங்க வந்தா உங்க மச்சானுக்கு எவ்ளோ சந்தோஷம்னு உங்களுக்கே தெரியும். நாலு நாள் தங்கிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவாரு."

ராஜாமணி அவளையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்டாட்டி அதற்குள் அச்சைக் கீழே வைத்துவிட்டுப் பீரோவைத் திறக்கப் போய்விட்டாள்.

"அப்ப சமையலு?" என்றார் அவர்.

"அத நீங்களும் உங்க மச்சானும் பேசி முடிவு பண்ணிக்குங்கண்ணே" என்றாள் புஷ்பவள்ளி. "எங்களக் கேக்கவேணாம். ரூம் எடுக்கறப்பவும் எங்கள யாரும் கேக்கலையே."